சைபருக்குக் கீழே மூன்று

பாலிடெக்னிக்கில் முதலாண்டுக்குக் கணக்கு எடுக்கும் டீச்சருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'தீர்வில்லை மேடம்'. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடமாக டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவந்தார். ஆராய்ச்சி என்றால் மற்றவர்கள் எதையாவது கண்டுபிடிப்பார்கள். டீச்சர் செய்தது, ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது என்று நிரூபிப்பது.

வீட்டில் இதைப் பற்றி உறுதியான கருத்து வைத்திருந்தவர் நாத்தனார். கணவரின் அக்கா, நீதிமன்றத்தில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர், தம்பி வீட்டோடு இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்ததும், பாத்திரம் தேய்க்கிற வேலை நாத்தனார் தலையில் விழும். பன்னிரண்டு வருடமும், ஒரே ஒரு நாள் தவிர, விழுந்தது. தேய்க்கிற சத்தத்தோடு அவர் பேச்சும் வரும்.

"இல்லைன்னு சொல்றதுக்கு இத்தனை பக்கமா? எங்க கோர்ட்ல கொலையே நடக்கலைன்னு ஒன்றரைப் பக்கத்துல முடிச்சிடுவாங்க."

"அங்க தப்பா இருந்தா மேல அப்பீல் போகலாம் அக்கா. இங்க போக முடியாது."

"அதான் கீழேயே உக்காந்துட்டியாக்கும்."

சமன்பாடு என்றதும் எழுந்து போகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் உட்காரலாம். பெருக்கத் தெரிந்தால் போதும். ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அரை, கால், முக்கால் எல்லாம் செல்லாது. அதை ஐந்து தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். வந்ததோடு நானூற்றுப் பன்னிரண்டைக் கூட்டுங்கள். கிடைப்பது ஒரு வர்க்க எண்ணாக, அதாவது ஏதோ ஒரு முழு எண்ணை அதனாலேயே பெருக்கினால் வருகிற எண்ணாக, இருக்க வேண்டும். ஒன்றில் தொடங்கினால் நானூற்றுப் பதின்மூன்று, ஆகாது. இரண்டில் நானூற்று நாற்பத்து நான்கு, அதுவும் ஆகாது. மூன்றில் அறுநூற்று ஐம்பத்தைந்து. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். முழு எண்ணில் மட்டும் விடை கேட்கும் இந்த வகைக்கு டயோஃபாண்டைன் சமன்பாடு என்று பெயர். கேள்வியைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம். பதிலுக்குத்தான் பேராசிரியர்கள் முடியைக் கொட்டிக்கொள்கிறார்கள்.

எண்களுக்கு முடிவு இல்லையே, எங்கே போய் நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்தக் காலத்து எண்கணிதம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதலில் ஒரு எல்லை கட்டுவார்கள்: தீர்வு என்று ஒன்று இருந்தால் அது இந்த எண்ணுக்குள்தான் இருந்தாக வேண்டும், தாண்டிப் போக முடியாது. டீச்சருக்குக் கிடைத்த எல்லையில் எத்தனை இலக்கம் என்பதை எழுதவே ஒரு பக்கம் வேண்டியிருந்தது. காணாமல் போன வீட்டுச் சாவி பிரபஞ்சத்துக்கு வெளியே எங்கும் போய்விடவில்லை என்று ஆறுதல் சொல்வது போன்ற காரியம் இது. நிபுணர்கள் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

அடுத்தது சல்லடை. பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, வகுத்தால் என்ன மீதி வருகிறது என்று பார்த்து, ஒத்துவராத கூட்டத்தையெல்லாம் மொத்தமாகக் கழித்துக்கட்டுவது. டீச்சரின் சல்லடையில் எல்லாம் கழிந்து போயின. ஒரே ஒரு கட்டி மட்டும் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. புதிது புதிதாகப் பகா எண்களைப் போட்டுச் சலித்தார். அது அசையவில்லை. இரண்டு வருடம் அந்தக் கட்டியைச் சபித்தபடியே டீச்சர் தூங்கி எழுந்தார். கடைசியில் வழிகாட்டிப் பேராசிரியர், ஓய்வுக்கு எட்டு மாதமே பாக்கி இருந்தவர், அதற்கு ஒரு வழி சொன்னார். சல்லடையில் தங்குகிற எண் மிகச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிரம்மாண்ட எல்லையையே தாண்டியிருக்க வேண்டும். தாண்ட முடியாது என்பதை ஏற்கனவே நிரூபித்தாயிற்று. ஆகவே சின்ன எண்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

கம்ப்யூட்டர் பார்த்தது. பத்து லட்சம் வரைக்கும் பார்த்து, தீர்வுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று ஒரே வரியில் சொன்னது. டீச்சர் அன்றைக்கு மட்டும் பாத்திரத்தைத் தானே தேய்த்தார்.

நூற்று அறுபத்திரண்டு பக்க ஆய்வேடு பரீட்சகர்களுக்குப் போயிற்று. பாராட்டு அறிக்கைகள் வந்தன. வெளியூர்ப் பரீட்சகர் ஒருவர், "ஐந்தாம் அத்தியாயத்தின் கணக்குகளை நானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை டீச்சர் படம் பிடித்து போனில் வைத்துக்கொண்டார். இனி மிச்சம் வாய்மொழித் தேர்வு மட்டும்தான். அதுவும் வருகிற வெள்ளிக்கிழமை. அந்த மாதம் முப்பதாம் தேதியோடு டீச்சரின் பதிவுக்காலம் முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. முப்பதுக்குள் முடிந்தால் டாக்டர். இல்லையென்றால் பன்னிரண்டு வருடமும் போனதுதான்.

திங்கட்கிழமை மதியம் பைண்டிங் கடையிலிருந்து நான்கு பிரதிகளை வாங்கிக்கொண்டு டீச்சர் வந்தார். கருநீல அட்டையில் தங்க எழுத்தில் தலைப்பு இருந்தது, நீளமான தலைப்பு, கடைசி வார்த்தை 'தீர்வின்மை'. வழியில் ஒரு புது ஆஸ்பத்திரி. கணவர் அங்கேதான் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருந்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று டீச்சர் நுழைந்தார்.

போன் செய்தால், "கீழ வந்துடு, கடைசித் தளம், சலவை பண்ற இடம். சர்வீஸ் லிஃப்ட்ல இருக்கேன், நீ பக்கத்து லிஃப்ட்ல வா" என்றார்.

டீச்சர் லிஃப்டில் ஏறினார். அந்த ஊரில் அதுவரை லிஃப்டுகள் தரையில் தொடங்கி மேலே போகிறவையாகத்தான் இருந்தன. நிலத்தைத் தோண்டிக் கட்டின முதல் பெரிய கட்டடம் இதுதான். பொத்தான் பலகையில் மேலே பதினொன்று வரைக்கும் இருந்தது, நடுவில் சைபர், அதற்கும் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. டீச்சர் மைனஸ் மூன்றை அழுத்தப் போனார். விரல் பாதி வழியில் நின்றது.

கதவு மூடியது; யாரும் அழுத்தாததால் மறுபடி திறந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த வார்டு ஊழியர், "மேலயா கீழயாம்மா?" என்று கேட்டார்.

டீச்சர் மனதில் ஐந்தாம் அத்தியாயத்தின் கம்ப்யூட்டர் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதல் வரியில், சைபரிலிருந்து தொடங்கு என்று எழுதியிருந்தது.

எப்படி இந்தப் பிழை வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முட்டாள்களுக்கு இது வராது. கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் வரும். முதல் நான்கு வருடம் டீச்சரின் ஆராய்ச்சி இந்தச் சமன்பாட்டில் இல்லை. அது வேறு, அதில் எண்ணை நான்கு தடவை பெருக்க வேண்டும். இரட்டைப்படை முறை பெருக்கினால் கழித்தல் குறி தானாகவே மறைந்துபோகும். மைனஸ் மூன்றும் மூன்றும் ஒரே விடை தரும். ஆகவே சைபருக்குக் கீழே பார்ப்பது வீண்வேலை. டீச்சர் கெட்டிக்காரத்தனமாக அந்தப் பாதியை வெட்டிவிட்டு நிரல் எழுதியிருந்தார். வழிகாட்டியும் மெச்சினார். ஐந்தாம் வருடம், எங்கோ ஒருவர் அந்தச் சமன்பாட்டைப் பதினோரு பக்கத்தில் தீர்த்து வெளியிட்டுவிட்டார். வழிகாட்டி இடிந்து போகவில்லை; நான்கை ஐந்தாக மாற்றி வேறொரு சமன்பாட்டைக் கையில் கொடுத்தார். டீச்சர் பழைய நிரலையே எடுத்து நான்கை ஐந்தாக்கினார். முதல் வரியைத் தொடவில்லை. ஐந்து ஒற்றைப்படை, குறி மறையாது.

அந்தப் பக்கம் பார்க்க வேண்டியது கோடிக்கணக்கிலும் இல்லை. மைனஸ் நான்குக்குப் போனாலே கூட்டுத்தொகை சைபருக்குக் கீழே இறங்கிவிடும், வர்க்க எண்ணாக இருக்கவே முடியாது. பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று எண்கள். பிரபஞ்சத்தையே சலித்தெடுத்த ஆய்வேடு, மூன்று எண்களை விட்டுவிட்டது.

மைனஸ் மூன்றை ஐந்து முறை பெருக்கினால் மைனஸ் இருநூற்று நாற்பத்து மூன்று. நானூற்றுப் பன்னிரண்டைக் கூட்டினால் நூற்று அறுபத்தொன்பது. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் நூற்று அறுபத்தொன்பது.

டீச்சர் கீழே போய்ச் சேர்ந்தபோது கணவர் லிஃப்ட் குழிக்குள் நின்று எண்ணெய்க் கையோடு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? பைண்டிங்ல எழுத்து தப்பாப் போட்டுட்டானா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார் டீச்சர். "நீங்க ஒரு லிஃப்ட்டைச் சோதிக்கணும்னா முதல்ல எங்க பாப்பீங்க?"

"குழியிலதான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மேல எத்தனை மாடி இருந்தாலும் கீழ இருந்துதான் பாத்துக்கிட்டே போவோம்."

பத்தொன்பது வருடமாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் பத்தொன்பது வருடமாக, ஆமாங்க என்று தலையை ஆட்டிக்கொண்டே பகா எண்களைப் பற்றி யோசித்திருக்கிறார். இப்போது அங்கே கிடந்த அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதார். பட்டம் போகிறதே என்ற அழுகையும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது அந்தக் கட்டியின் நினைவு. இரண்டு வருடம் சல்லடையை விட்டு அசையாமல் இருந்ததே, ஒட்டிக்கொண்டு அடம் பிடித்ததே, காரணம் அங்கே உண்மையிலேயே ஆள் இருந்தது. இருக்கேன் இருக்கேன் என்று அது சொல்லிக்கொண்டிருந்ததை டீச்சர்தான் இயந்திரக் கோளாறு என்று வைதுகொண்டிருந்தார்.

மறுநாள் வழிகாட்டியின் அறைக்குப் போனார். வழிகாட்டி ஒரு துண்டுத் தாளில் பெருக்கிப் பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். லிஃப்ட் மெக்கானிக்."

"அவரால ஆபத்தில்லை" என்று உட்கார்ந்தார். "இங்க பாரும்மா. 'மிகை முழு எண்களில் தீர்வில்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துடலாம். ஆரம்பத்துல இருந்தே நாம சைபருக்கு மேல உள்ள மிகை எண்ணைத்தான் மனசுல வச்சிருந்தோம், அச்சுல விட்டுப்போச்சு. அப்ப தேற்றம் உண்மை. தலைப்பும் அப்படியே நிக்கும்."

"நாம அப்படி நினைக்கலையே சார்."

"நீ என்ன நினைச்சேன்னு யாரு வந்து பாக்கப் போறா? தலைப்பை மாத்தணும்னு வந்துட்டா விதிப்படி அது புதுப் பதிவு. பன்னிரண்டு வருஷம் காலி. யோசிச்சுக்கோ."

டீச்சர் யோசித்தார். உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் அந்த ஒரு வார்த்தையின் பக்கமேதான் சாய்ந்திருந்தார். பொய் என்றுகூடச் சொல்ல முடியாத, சுத்தமான, இரண்டெழுத்து வார்த்தை. புதன்கிழமை ராத்திரி அதை ஒரு தாளில் தட்டச்சுகூடச் செய்தார். வியாழக்கிழமை காலையில் வகுப்பில் எண்கோடு வரைய வேண்டியிருந்தது. கரும்பலகையில் சைபரைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் இடது பக்கமும் கோட்டை இழுத்தார். அங்கே மைனஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்தார். குறித்தபின் நகர முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் வழிகாட்டிக்குப் போன் செய்தார்.

"ஆள் இருக்குன்னு தெரிஞ்சப்புறம், வாசலுக்கு வெளிய நிக்கவச்சிட்டு வீடு காலின்னு சொல்றதா சார்?"

வழிகாட்டி போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. நீள அறை, சத்தம் போடும் மின்விசிறி, தட்டில் பிஸ்கட். முன்வரிசையில் இரண்டு பரீட்சகர்களும் வழிகாட்டியும். பின்னால், வருகைப் பதிவுக்காக வந்த ஆராய்ச்சி மாணவர்கள் போனில் மும்முரமாக இருந்தார்கள். டீச்சர் எழுந்து, தயாரித்து வைத்திருந்த நாற்பது பக்கத்தையும் திரையில் காட்டாமல் நேராகப் பலகைக்குப் போனார். மூன்று வரி எழுதினார்.

"என் ஆய்வேட்டின் முக்கியத் தேற்றம் தப்பு" என்றார். "தீர்வு இருக்கு. மைனஸ் மூணு. நான் சைபருக்குக் கீழ பாக்கலை."

கணக்குகளை ஒவ்வொன்றாகத் தானே சரிபார்த்த வெளியூர்ப் பரீட்சகர் பலகையைப் பார்த்தார், தன் பிஸ்கட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நான் அதைக் கவனிச்சேன்" என்றார். "நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் காத்திருந்தேன்."

"நானும்தான்" என்றார் இரண்டாமவர், கொஞ்சமும் தாமதிக்காமல்.

வழிகாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லிடும்மான்னு நான்தான் வற்புறுத்தினேன்."

ஆக, டீச்சர் ஒருவரைத் தவிர அந்த அறையில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அதன்பிறகு பரீட்சகர்கள் தாராளமாக இருந்தார்கள். முறை முழுக்கச் சரி. எல்லை சரி, சல்லடை அற்புதம். முடிவு மட்டும் 'இல்லை' என்பதிலிருந்து 'ஒன்றே ஒன்று' என்று மாறுகிறது. அது ஒரு வரித் திருத்தம், எழுத்துப்பிழைக்குச் சமானம். பட்டம் வழங்கலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பின்வரிசை மாணவர்கள் கை தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே.

டீச்சர் அந்தத் தாளோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர், விதிப்புத்தகத்தை மேசைமேலேயே விரித்து வைத்திருக்கும் பெண்மணி, தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பட்டம் கொடுக்கலாம்னு போட்டிருக்காங்க, சந்தோஷம். ஆனா தலைப்புல 'தீர்வின்மை'ன்னு இருக்கே, அதை மாத்த முடியாது. சான்றிதழ்ல அதான் வரும்."

"உள்ள தீர்வு இருக்குன்னு நிரூபிச்சிருக்கேன் மேடம்."

"உள்ள என்ன இருக்குன்னு யாருங்க பாக்கறா? முப்பதாம் தேதிக்குள்ள இந்தத் தலைப்புலயே சான்றிதழ் வாங்கிக்கோங்க. தலைப்பு மாறணும்னா பதிவை ரத்து பண்ணிட்டு, புது மாணவரா நுழைவுத் தேர்வு எழுதி, குறைஞ்சது மூணு வருஷம் இருக்கணும். ஆய்வேடு தயாரா இருந்தாலும் மூணு வருஷம் இருந்தாகணும்." அவர் நல்லவர்தான். குரலைத் தாழ்த்தி, "சுவத்துல மாட்டினா அந்த எழுத்து சின்னதாத்தாங்க தெரியும்" என்றார்.

டீச்சர் சுவரில் மாட்டிப் பார்த்தார், மனதுக்குள். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவர். சட்டம் போட்டு, தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'தீர்வின்மை'. நாற்பத்தாறு வயதில் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மைனஸ் மூன்று ஒன்றும் வழக்குப் போடப் போவதில்லை.

அவர் சான்றிதழுக்கு ஒன்று, புதுப் பதிவுக்கு ஒன்று என்று இரண்டு படிவங்களும் கேட்டு வாங்கினார். முதலாவதை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மற்றதை நின்றபடியே நிரப்பினார். விண்ணப்பதாரரின் தற்போதைய நிலை என்ற இடத்தில் 'புதியவர்' என்று எழுத வேண்டியிருந்தது. புதியவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய ஆராய்ச்சி முறைகள் வகுப்பை நடத்துகிறவர், பதினைந்து வருடத்துக்கு முன் டீச்சரிடம் முதலாண்டுக் கணக்கில் இரண்டு முறை தோற்றவர் என்பதையும் கண்காணிப்பாளர் வலியச் சொன்னார்.

வீட்டில் நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம், டாக்டர் வரப்போகிறாள் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். அதை டீச்சரிடம் சொல்ல மாட்டார். டீச்சர் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"ஆக, இருக்கு" என்றார் கடைசியில்.

"இருக்கு அக்கா. ஒண்ணே ஒண்ணு."

"இல்லாததுக்குப் பன்னிரண்டு வருஷம், இருக்கறதுக்கு மூணு வருஷம். கணக்குப்படி லாபந்தான்." சொல்லிவிட்டு நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "திரும்பவும் முதல்ல இருந்தா தொடங்கப் போறே?"

"முதல்ல இருந்து இல்லை அக்கா. மைனஸ் மூணுல இருந்து."

நாத்தனார் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"அப்ப இன்னும் மூணு வருஷத்துக்குப் பாத்திரம் என் தலையிலதான்னு சொல்லு" என்று குழாயைத் திறந்தார்.